முன்பு நாலு முறிவு, இப்போது ஒன்று: ஓ.ஐ. மருந்து ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் வாராந்திரக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு ஸ்லைடு போட்டார். இடது பக்கம் உயரமான சிவப்புத் தூண், வலது பக்கம் குட்டையான பச்சைத் தூண். மருந்துக்கு முன் எத்தனை முறிவு, மருந்துக்குப் பின் எத்தனை. அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அதே இரண்டு தூண்களை, கிட்டத்தட்ட அதே நிறங்களில், பதினோரு வருடத்துக்கு முன்பு நானும் போட்டிருக்கிறேன்.

ஓ.ஐ. என்பது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோய், சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று. பெரும்பாலோருக்கு முதல் வகைக் கொலாஜனை உண்டாக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்றில் கோளாறு இருக்கும். கம்பியே சரியில்லாத கான்கிரீட் போல, எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் அதைத் தாங்கிப் பிடிக்கும் இழை பலவீனம். இந்த நோய்க்கான மருந்து ஆய்வுகளில் தரவு சேகரிப்பதும், மற்றவர்கள் சேகரித்ததை வாசித்துச் சொல்வதும்தான் என் வேலை. படிவத்தில் கையெழுத்து விட்டுப்போவது, தேதி மாறிப்போவது போன்ற பிழைகளை, ஆய்வைக் கண்காணிக்க வரும் உங்கள் மானிட்டரே பிடித்துவிடுவார், அதையெல்லாம் இங்கே எழுதவில்லை.

குழந்தையை அதன் பழைய வருடத்தோடு ஒப்பிடுவது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் 14 குழந்தைகளுக்கு, எலும்பு கரைவதை மெதுவாக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்தை நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒப்பீட்டுக் குழு கிடையாது. மருந்து தொடங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் எத்தனை முறிவு என்று குடும்பத்தைக் கேட்டு எழுதினோம், பிறகு அடுத்த 12 மாதத்தை எண்ணினோம். எண்ணிக்கை மளமளவென்று இறங்கியிருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மருத்துவ மாநாட்டில் வைக்கப் போஸ்டர் அடித்தோம். அடுத்த ஆய்வுக்குத் திட்டம் போட்டபோது, இந்த முறையாவது குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். "ஏற்கெனவே நிரூபித்த விஷயம்தானே" என்று சொல்லி அந்த யோசனை ஒதுக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது என் தூண்கள்.

அப்புறம் ஒரு நாள் ஒரு அம்மா தன் நோட்டைக் கொண்டுவந்தார். 40 பக்க நோட்டு, அட்டை கிழிந்து பிளாஸ்டிக் உறை போட்டது. மகன் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு முறிவும் அதில் இருந்தது. தேதி, எந்த எலும்பு, எப்படி நடந்தது. "வலது தொடை. தூங்கி எழும்போது." "இடது முழங்கை. தம்பி கையைப் பிடித்து இழுத்தான்." "வலது தொடை மறுபடியும். ஒன்றுமே செய்யவில்லை." நான் வருடவாரியாகக் கூட்டிப் பார்த்தேன். 1, 4, 0, 3, 1, 4. அந்தக் கடைசி 4 வந்த வருடத்தில்தான் அவர்கள் எங்களிடம் வந்தார்கள். மருந்து ஏற்றிய வருடம் 1.

"பாத்தீங்களா சார், நாலு இருந்தது ஒண்ணாயிடுச்சு," என்றார் அவர். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் நோட்டில் அதற்கு முன்னாலும் ஒரு 4 இருந்தது, அதற்கு அடுத்த வருடம் 0. அந்த வருடம் எந்த மருந்தும் இல்லை.

குடும்பங்கள் எப்போது ஆய்வைத் தேடி வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். நல்லபடியாகப் போன வருடத்தில் யாரும் ராத்திரி பஸ் ஏறி வரமாட்டார்கள். மூன்று நான்கு முறை அடுத்தடுத்து முறிந்து, பள்ளிக்கூடம் நின்று, தாங்க முடியாமல் போன பிறகுதான் வருவார்கள். போதாக்குறைக்கு, சமீபத்தில் முறிவு ஏற்பட்டவர்களை மட்டுமே சேர்க்கலாம் என்று ஆய்வு விதியே சொல்லும். ஏறி இறங்கும் ஒரு எண்ணை அதன் உச்சியில் பிடித்தால், அடுத்த வருடம் அது இறங்கத்தான் செய்யும், நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாலும். அதோடு குழந்தை ஒரு வயது வளர்ந்திருக்கும். பருவ வயதைக் கடந்தால் ஓ.ஐ. முறிவுகள் இயல்பாகவே குறையும். ஆய்வில் சேர்ந்ததும் வைட்டமின் டி சரிசெய்யப்படும், பிசியோதெரபி ஆரம்பிக்கும், சிலருக்குத் தொடையில் கம்பி வைப்பார்கள். குறைந்ததில் எது மருந்தினால், எது மற்றதனால் என்று பிரிக்க அந்த இரண்டு தூண்களில் எந்த வழியும் இல்லை.

இது எங்களைப் போன்ற சின்ன இடத்தின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1998-இல் மாண்ட்ரியல் ஷ்ரைனர்ஸ் மருத்துவமனையிலிருந்து குளோரியோ குழுவினர் வெளியிட்ட பாமிட்ரோனேட் (அதுவும் ஒரு பிஸ்பாஸ்போனேட்) ஆய்வுதான் இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. கடுமையான ஓ.ஐ. உள்ள 30 குழந்தைகள், எலும்பு அடர்த்தி வருடத்துக்குச் சராசரியாக 41.9 சதவீதம் ஏற்றம், முறிவு வருடத்துக்கு 1.7 குறைவு, வலியும் குறைந்தது. அந்த வேலையை நான் மதிக்கிறேன். படுத்த படுக்கையாக இருந்த குழந்தைகளுக்கு அதுவரை கையில் ஒன்றுமே இருக்கவில்லை. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அதற்குப் பிறகு உலகம் முழுக்க அந்த மருந்து வழக்கமாகிவிட்டது, வழக்கமான பிறகு "உன் குழந்தைக்குப் போலி மருந்து வரலாம்" என்று ஒரு தாயிடம் சொல்லி ஒப்புதல் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த நேரத்தில் ஒப்பீடு வைக்கவில்லையோ, அந்த நேரம் திரும்பி வராது.

சமீபத்திய உதாரணம் செட்ரூசுமாப். எலும்பு உருவாவதற்கு பிரேக் போடும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து. ஆர்பிட் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில் 24 பேர், எல்லோருக்குமே மருந்துதான். அவர்களுடைய முந்தைய இரண்டு வருடத்தோடு ஒப்பிட்டால் எக்ஸ்ரேயில் உறுதியான முறிவுகள் 67 சதவீதம் குறைந்ததாகச் செய்தி வந்தது. சேர்ப்பதற்கான விதி என்ன? கடந்த 12 மாதத்தில் ஒரு முறிவாவது, இல்லையென்றால் 24 மாதத்தில் குறைந்தது இரண்டு முறிவு இருக்க வேண்டும். அதாவது கெட்ட வருடம் உள்ளவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் விதி. 2025 டிசம்பர் கடைசியில் மூன்றாம் கட்ட முடிவுகள் வந்தன. ஆர்பிட்டில் போலி மருந்தோடும், காஸ்மிக் ஆய்வில் நரம்பு வழி பிஸ்பாஸ்போனேட்டோடும் ஒப்பிட்டபோது, எலும்பு அடர்த்தி நன்றாகவே ஏறியிருந்தது. முறிவு குறைந்ததா என்ற முதன்மைக் கேள்வியில் இரண்டுமே புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. அந்த 67-ஐ நம்பிக் காத்திருந்த குடும்பங்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். அந்த இரண்டாவது ஆய்வு ஒப்பீடு இல்லாமலே நடந்து முடிந்தது. இரண்டு வருடம், அவ்வளவு ஊசி, அவ்வளவு பயணம். முடிவில் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. சர்க்கரை நோயில் ஒரு ஆய்வு வீணானால் வேறு ஆயிரம் பேரைச் சேர்க்கலாம். இது அரிய நோய், அதே குழந்தைகள்தான் இருக்கிறார்கள், அவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். என்னை எரிச்சல்படுத்துவது அதுதான்.

ஆகவே ஒப்பீட்டுக் குழு வையுங்கள். போலி மருந்து முடியாதென்றால் இருக்கிற மருந்தோடு ஒப்பிடுங்கள், அல்லது சிலருக்கு முதலிலும் சிலருக்கு ஆறு மாதம் கழித்தும் தொடங்குவதைக் குலுக்கலில் தீர்மானியுங்கள். எதுவுமே முடியாவிட்டால், முந்தைய ஒரு வருடத்தை மட்டும் கேட்காமல் ஐந்து வருடத்தையாவது எழுதி வாங்குங்கள். நோட்டு வைத்திருக்கும் அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

அடர்த்தி ஏறினால் முறிவு குறைந்துவிடும் என்று எழுதிவிடுவது

இரண்டு பிஸ்பாஸ்போனேட் ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2011-இல் வந்த அலெண்ட்ரோனேட் மாத்திரை ஆய்வு, 139 குழந்தைகள், இரண்டு வருடம். முதுகெலும்பு அடர்த்தி மருந்துக் குழுவில் 51 சதவீதம் ஏறியது, போலி மருந்துக் குழுவில் 12. முறிவில் தெளிவான வித்தியாசம் இல்லை. 2013-இல் லான்செட்டில் வந்த ரைசெட்ரோனேட் ஆய்வு, 147 குழந்தைகள். அடர்த்தி ஏற்றம் ஒரு வருடத்தில் 16 சதவீதம், போலி மருந்தில் 8-க்குக் கிட்ட. ஆனால் அங்கே முறிவு ஏற்பட்டவர்கள் மருந்துக் குழுவில் 31 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 49. அடர்த்தி குறைவாக ஏறிய இடத்தில்தான் முறிவு குறைந்தது.

பிஸ்பாஸ்போனேட் எலும்பு கரைவதை மெதுவாக்கும், கோளாறான கொலாஜனைத் திருத்தாது. அதே பலவீனமான பொருள் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016 காக்ரேன் மதிப்பாய்வும் அடர்த்தி ஏறுவது உறுதி, முறிவு எப்போதும் குறைகிறதா என்பது தெளிவில்லை என்றுதான் சொன்னது. இதனால் மருந்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை. வளரும் குழந்தைகளில் நசுங்கிய முதுகெலும்புகள் மறுபடி உயரம் பெறுவதை எக்ஸ்ரேயில் கண்ணால் பார்க்கலாம், நான் பார்த்திருக்கிறேன். முறிவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முறிவை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அந்த 12 சதவீதத்தையும் கவனியுங்கள். போலி மருந்து வாங்கிய குழந்தைக்கும் ஏறியிருக்கிறது. வளர்ச்சி.

டெக்ஸா எண்ணை அப்படியே படிவத்தில் ஏற்றுவது

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எலும்பின் கன அளவைப் பார்ப்பதில்லை, நிழலைப் பார்க்கிறது. சின்ன எலும்பின் நிழல் இயல்பாகவே மெலிதாகத் தெரியும். ஓ.ஐ. குழந்தைகள் பலர் வயதுக்குக் குள்ளமானவர்கள், எனவே வயதை மட்டும் வைத்துக் கணக்கிட்ட இசட் ஸ்கோர் (அதே வயதுக் குழந்தைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்) அவர்களை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். உயரத்துக்குத் திருத்திய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், படத்தைத் திறந்து பாருங்கள். முன்பு ஒரு முறை ஒரு சிறுமிக்கு ஆறு மாதத்தில் அடர்த்தி திடீரென்று எகிறியிருந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. படத்தைத் திறந்தால் இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு பக்கத்தில் இருப்பவற்றின் பாதி உயரம்தான் இருந்தது. நசுங்கிவிட்டது. அதே சுண்ணாம்பு சின்ன இடத்தில் அடங்கியதால் எண் கூடியிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு நடந்தது ஒரு முறிவு, எங்கள் தாளில் அது முன்னேற்றம். நசுங்கியதைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும், கம்பி வைத்த தொடையை ஸ்கேன் கணக்கில் சேர்க்கவே கூடாது.

எல்லா ஓ.ஐ.யையும் ஒரே கூடையில் போடுவது

சைலன்ஸ் என்ற மருத்துவர் 1979-இல் ஓ.ஐ.யை நான்கு வகையாகப் பிரித்தார். முதல் வகையில் நல்ல கொலாஜன் அளவில் குறைவு, மூன்றாம் வகையில் கொலாஜனே கோளாறு. எலும்பு உருவாவதைத் தூண்டும் டெரிபராடைடு மருந்தை 79 பெரியவர்களிடம் சோதித்த 2014 ஆய்வில், அடர்த்தி ஏற்றம் லேசான முதல் வகையில்தான் தெரிந்தது, கடுமையான வகைகளில் பெரிதாக ஒன்றுமில்லை. மொத்தச் சராசரியை மட்டும் வாசித்தால் இது கண்ணில் படாது.

எலியின் எண்ணை மனிதனுக்குச் சொல்வது

வேண்டாம்.

மறைப்பு நீடிக்கும் என்று நம்புவது

மறைப்பு என்றால், யாருக்கு நிஜ மருந்து, யாருக்குப் போலி என்று யாருக்கும் தெரியாமல் வைப்பது. ஆனால் முதல் முறை பிஸ்பாஸ்போனேட் ஏற்றிய இரவே பல குழந்தைகளுக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மாக்களுக்கு யாருக்கு நிஜ மருந்து என்று விடிவதற்குள் தெரிந்துவிடும். எக்ஸ்ரேயும் காட்டிக்கொடுக்கும், ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் எலும்பின் முனையருகே ஒரு வெள்ளைக் கோடு விழும், வரிக்குதிரை மாதிரி. முறிவைத் தீர்மானிப்பவருக்கு அந்தக் கோடு தெரியும். அவரிடம் முறிந்த பகுதியை மட்டும் வெட்டி அனுப்புவது ஒரு வழி.

பெரியவர்களின் மருந்து குழந்தைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது

டெனோசுமாப், பெரியவர்களின் எலும்புத் தேய்வுக்குத் தரும் மருந்து. ஓ.ஐ. குழந்தைகளின் ஆய்வு, ரத்தத்தில் கால்சியம் அபாயகரமாக ஏறியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

முறிவு என்றால் என்ன என்று முடிவு செய்யாமல் எண்ண ஆரம்பிப்பது

விரல் முறிவு சேருமா? எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும், வலியே இல்லாத முதுகெலும்பு நசுங்கல்? ஒரே விழுதலில் இரண்டு எலும்பு போனால் ஒன்றா இரண்டா? இதையெல்லாம் முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டும். பாதியில் முடிவு செய்தால், எந்த முடிவு நமக்குச் சாதகமோ அந்தப் பக்கம் கை தானாகப் போகும்.

இன்னொன்று, பல குடும்பங்கள் மருத்துவமனைக்கே வருவதில்லை. பத்துப் பதினைந்து முறிவு பார்த்த அப்பாவுக்குத் தொட்டுப் பார்த்தாலே தெரியும், வீட்டில் இருக்கும் பழைய பலகையையும் துணியையும் வைத்துக் கட்டிவிடுவார். எக்ஸ்ரே இல்லை, எனவே நம் கணக்கில் முறிவு இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று நம்பும் குடும்பம் இன்னும் குறைவாகவே வரும், ஆக மறைப்பு கலைந்த ஆய்வில் இது ஒரு பக்கமாகச் சாயும். எதிர்ப்பக்கமும் உண்டு. வலி குறைந்த குழந்தை எழுந்து நடக்கும், ஓடும், விழும். அதன் முறிவு எண்ணிக்கை கூடினால் மருந்து தோற்றது என்று எழுதுவதா? எவ்வளவு நடந்தது என்பதையும் பதிவு செய்திருந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் படிவத்தில் "வீட்டில் கட்டியது" என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, தேதியோடு, கட்டியவர் பெயரோடு. மாதத்துக்கு ஒரு முறை போன் செய்து கேட்கிறோம். முதல் மாதம் கேட்டபோது ஒரு அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு, "அதையும் சொல்லணுமா சார்? அப்படின்னா மூணு இருக்கு," என்றார்.