பழகினாலும் புளிக்காத சின்ன இன்பங்கள்: வீட்டிலும் வெளியிலும் மனநிறைவுக்கு ஒரு செய்முறை

"பழகப் பழகப் பாலும் புளிக்கும்" என்பார்கள். அன்றாடச் சின்ன இன்பங்களை நம்பி இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் நாள் ஜன்னலோர வெயில் சுகமாக இருக்கும். பத்தாம் நாள் அது அங்கே இருப்பதே தெரியாது. வெயில் அதே வெயில்தான், கவனம்தான் வேறெங்கோ போய்விட்டது. உளவியலாளர்கள் பிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்ப்பெல்லும் 1971இல் இந்தப் பழகிப்போதலைப் பற்றி எழுதியபோது ட்ரெட்மில்லை உவமையாக்கினார்கள்: எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

அதற்காகப் பெரிய இன்பங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நல்ல உணர்வு எவ்வளவு பலமாக வந்தது என்பதைவிட எத்தனை முறை வந்தது என்பதே ஒருவருடைய மகிழ்ச்சியோடு அதிகம் ஒட்டிப்போகிறது என்று உளவியலாளர் எட் டீனரும் சகாக்களும் 1991இல் எழுதினார்கள். ஆக, இன்பம் சின்னதாக இருக்கட்டும், அடிக்கடி வரட்டும், புளிக்காமல் இருக்கட்டும். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதற்குத்தான் செய்முறை வேண்டும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம்

ஒரு தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள், நாளுக்கு மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் மனசு லேசான ஒரு நொடி, அது எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் புலன் வழியாக வந்தது என்று எழுதுங்கள். "மாலை நன்றாக இருந்தது" என்று எழுதினால் பயனில்லை. "5.40, பின்வாசல், ஈரத் துணியைத் தாண்டி வந்த குளிர்ந்த காற்று" என்று எழுத வேண்டும். வார முடிவில் இருபது வரி போலச் சேரும். அதில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் உங்களுடையது. அடுத்தவர் பட்டியலைக் கடன் வாங்கி எடுத்த முயற்சிகள் நிலைப்பதில்லை. பறவை பார்ப்பது உங்களுக்கு அலுப்பூட்டினால் விட்டுவிடுங்கள். துணி மடிப்பது பிடித்திருந்தால் அதுவே போதும்.

இருபதிலிருந்து மூன்றை மட்டும் எடுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும், புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கக் கூடாது, வாரத்தில் நான்கு நாளாவது கைக்கு எட்ட வேண்டும். எட்டு பத்து என்று ஒரேயடியாகத் தொடங்கினால் மூன்றாம் வாரத்தில் அது வேலைப்பட்டியல் ஆகிவிடும்.

ஒரு கப் சூடான பானம்: பத்து நிமிடம்

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பத்து நிமிடத்தில் பிடிபடும் நுட்பத்தை வேறு எந்த இன்பத்துக்கும் எடுத்துச் செல்லலாம்.

டீயோ காபியோ வெந்நீரோ, ஊற்றியவுடன் குடிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல், 65 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் பானங்கள் குடிப்பதை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. அவ்வளவு சூட்டில் நாக்குக்கு ருசியும் சரியாகத் தெரியாது. கப்பின் தடிமனைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். அந்தக் காத்திருப்பே முதல் பாதி இன்பம். கப்பை இரு கைகளாலும் பிடியுங்கள், மூக்குக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் வைத்து மெதுவாக மூச்சை இழுங்கள்.

ஒரு நிமிடம் போனதும் மணம் மங்கும். பானத்தில் குறை ஏதும் இல்லை; ஒரே மணம் தொடர்ந்து வந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். கப்பைத் தள்ளி வைத்து, ஒரு நிமிடம் வேறு காற்றைச் சுவாசித்துவிட்டுத் திரும்ப முகர்ந்தால் மணம் பழையபடி எழும். அடுத்து, ஒரு வாய் குடித்து விழுங்கியதும் வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான். அவசரமாக அடுத்த வாய் குடிக்கிறவர் அந்தப் பங்கை இழந்துவிடுகிறார்.

பாதியில் ஒருமுறை நிறுத்துங்கள். லீஃப் நெல்சன், டாம் மேவிஸ் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மசாஜின் நடுவே சிறு இடைவெளி விட்டவர்களுக்கு, இடைவிடாமல் பெற்றவர்களைவிட அது அதிகம் பிடித்திருந்தது. இடைவெளி வேண்டாம் என்றுதான் மனசு சொல்லும். ஆனால் பழகிப்போதலை அது உடைத்துவிடுகிறது. அதே காரணத்துக்காக வாரத்தில் ஒரு நாள் அந்தக் கப்பையே விட்டுவிடுங்கள். 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமலிருந்தவர்கள் அடுத்த முறை அதைக் கூடுதலாக ரசித்தார்கள்.

கெடுப்பது பெரும்பாலும் போன். கவிழ்த்து வைத்தால் போதாது, அடுத்த அறையில் இருக்கட்டும். போன் இல்லாமலும் மனம் அலையும், அதில் தவறில்லை. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் திரட்டி 2010இல் வெளியிட்ட தகவலில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவு. அலைந்த மனசைத் திட்டாதீர்கள். கையில் இருக்கும் கப்பின் கனத்தைக் கவனித்தால் அது தானாக வந்து உட்காரும்.

ஜன்னலோரம் ஓர் இடம்

1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆராயப்பட்டவர்கள் 46 பேர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

நாற்காலியை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள், சற்றுச் சாய்வாகப் போடுங்கள். உட்கார்ந்தால் கண் ஜன்னல் விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வானம் மட்டும்தான் தெரியும், அது விரைவில் சலிக்கும். கண்ணாடியை இரு பக்கமும் துடையுங்கள். அந்தி வேளையில் அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். எரிந்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும், வெளியே எதுவும் தெரியாது.

பார்க்க ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஒரு கிளை, ஒரு கூரை விளிம்பு. ஒரு மாதம் அதே நேரத்தில் அதையே பாருங்கள். வெயில் உள்ளே விழும் வீடானால் இதைவிட நல்லதொன்று உண்டு. வாரம் ஒருமுறை, அதே மணிக்கு, தரையில் வெயிலின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே சிறு துண்டு டேப் ஒட்டுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் கோடுகள் தள்ளித் தள்ளி விழும். ஜூன், டிசம்பர் கடைசியில் கிட்டத்தட்ட நகராமல் நிற்கும். பூமி சூரியனைச் சுற்றுவது உங்கள் வீட்டுத் தரையிலேயே பதிவாகிறது. இதைச் செய்து பார்த்தவர்களுக்கு ஜன்னல் வெயில் புளிப்பதில்லை, ஏனென்றால் அது ஒரு வாரமும் அதே வெயிலாக இருப்பதில்லை.

பறவைக்குத் தண்ணீர், கண்ணாடிக் குவளையில் வேர்

உயிருள்ள எதையாவது வீட்டோடு சேர்த்துக்கொண்டால் புதுமைக்குப் பஞ்சமிருக்காது. மொட்டை மாடியோ பால்கனியோ முற்றமோ இருந்தால் ஒரு தண்ணீர்த் தட்டு வையுங்கள். அகலம் 30 சென்டிமீட்டர் அளவுக்கு, தண்ணீரின் ஆழம் இரண்டரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர். அதற்கு மேல் ஆழமானால் சின்னப் பறவைகள் இறங்கத் தயங்கும். உட்புறம் சொரசொரப்பாக இருக்கட்டும். வழவழப்பான பீங்கானோ எவர்சில்வரோ ஆனால் கால் வழுக்கும், அதில் கூழாங்கல் பரப்ப வேண்டும். நடுவில் தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் ஒரு கல் வைத்தால் பூச்சிகளும் உட்கார்ந்து குடிக்கும்.

இடம்தான் முக்கியம். புதருக்கு ஒட்டினாற்போல வைத்தால் பூனை பதுங்க வசதி. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் பறவைக்குப் பறந்து ஒதுங்க இடமும் இருக்கும், பூனை வருவதும் தெரியும். பெரிய கண்ணாடி ஜன்னல் அருகே என்றால் ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால். நடுத்தரத் தூரத்தில்தான் பறவைகள் வேகமெடுத்து வந்து கண்ணாடியில் மோதும். தண்ணீரைத் தினமும் மாற்றி, பிரஷ் போட்டுத் தேயுங்கள். வெப்பமான நாட்களில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும், வாரக்கணக்கில் விட்டுவைத்தால் கொசுப்பண்ணைதான். முதல் பறவை வரச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். பொறுமையிழந்து தட்டை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் வராது.

வெளியிடமே இல்லாதவர்கள் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள புதினாத் தண்டை, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரில் கண்ணாடிக் குவளையில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். தண்ணீருக்குள் இலை இருந்தால் அழுகும், பூத்து முற்றிய தண்டு வேர்விடத் தயங்கும், கடும் வெயிலில் வைத்தால் வாடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, வேர் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றலாம்.

வெளியே

மேத்யூ வைட் தலைமையில், இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரின் தகவலை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் கழித்தாலும் துண்டு துண்டாகக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போயிருக்கவும் கூடும். இயற்கைதான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் குறி வைக்க நல்ல அளவு: ஆறு நாள், நாளுக்கு இருபது நிமிடம்.

அந்த இருபதில் முதல் ஐந்து நிமிடம் வழக்கமான நடை. அடுத்த பத்து நிமிடம் பாதி வேகம். கடைசி ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது. பலரும் விட்டுவிடுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான், மிகவும் தேவையானதும் இதுதான். நீங்கள் வந்ததும் அடங்கிய பறவையும் பூச்சியும் மெல்ல மெல்லத் திரும்பப் பேசத் தொடங்கும். இருப்பதிலேயே தூரத்து ஒலி எது, கிட்டத்து ஒலி எது என்று தேடுங்கள்.

மழைக்கு ஒரு குறிப்பு. மண்வாசனைக்கு 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேரும் ரிச்சர்ட் தாமஸும் பெட்ரிகோர் என்று பெயரிட்டார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு இந்த வாசனையில் பெரும்பங்கு உண்டு. காய்ந்த மண்ணில் துளி விழும்போது அடியில் சிக்கும் காற்றுக் குமிழ்கள் மேலெழுந்து வெடித்து, வாசனையைக் காற்றில் தூவுகின்றன. மழை கொட்டும்போது அல்ல, தூறல் தொடங்கும்போதே வெளியே வர வேண்டும். "இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்றால் வாசனை போயிருக்கும்.

நிலவுக்கும் நேரம் உண்டு. பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் நிலவு எழும். அதன் பின் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். அடுத்த நாள் இருட்டிய வானத்தில் அது எழுவதைப் பார்ப்பது பௌர்ணமியைவிட அழகு என்பது எங்கள் கட்சி. நட்சத்திரம் பார்க்க நிலவில்லாத இரவு வேண்டும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒரு முறை போன் திரையைப் பார்த்தால் பெரும்பகுதி வீணாகிவிடும்.

எங்கே கெடுகிறது

படம் எடுப்பது தப்பில்லை. ஐந்து நிமிடம் கண்ணால் பார்த்துவிட்டு ஒரே ஒரு படம் எடுங்கள். வரிசை மாறினால் பார்ப்பதே நடக்காது.

"இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறேனா?" என்று நடுவில் உங்களையே கேட்காதீர்கள். மகிழ்ச்சிக்கு அளவுமீறி முக்கியத்துவம் தருவதே சில வேளை மகிழ்ச்சியைக் குறைக்கிறது என்று ஐரிஸ் மாஸ் குழுவினர் 2011இல் காட்டினார்கள். "இந்த இலையின் அடிப்பக்கம் என்ன நிறம்?" என்று கேளுங்கள், அதற்கு விடை உண்டு. விடாமல் இத்தனை நாள் செய்தேன் என்று எண்ணிக்கை வைப்பதும் கெடுதல். ஒரு நாள் தவறியதும் மொத்தமும் கைவிடப்படும்.

குறிப்பேட்டை முதல் வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு முறைக்குக் குறைத்துவிடுங்கள். நன்றி பாராட்ட வேண்டியவற்றை வாரம் ஒருமுறை எண்ணியவர்களுக்குக் கிடைத்த பலன், வாரம் மூன்று முறை எண்ணியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று சோன்யா லூபோமிர்ஸ்கியும் சகாக்களும் 2005இல் குறிப்பிட்டார்கள். எழுதுவதும் புளிக்கும்.

தூக்கமின்மை, உடல்வலி, கடன், வீட்டில் வன்முறை இவற்றுக்கு ஜன்னலோர நாற்காலி மருந்தில்லை. அவற்றை அவற்றுக்குரிய வழியில்தான் தீர்க்க வேண்டும். முன்பு பிடித்தவை எதுவும், அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் போனால் அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். சலித்துப்போனதை உடனே தூக்கி எறிய வேண்டாம். முதலில் நேரத்தை மாற்றுங்கள், காலையில் செய்ததை மாலைக்கு. பிறகு இடத்தை மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மூன்று வாரம் ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்ப எடுங்கள். திரும்ப எடுத்தும் ஒன்றும் தோன்றவில்லையென்றால், பழைய தாளில் மீதமிருக்கும் பதினேழு வரியிலிருந்து அடுத்ததைத் தேர்ந்துகொள்ளலாம்.