என்சிடி வட்டிச் செலவு: கூப்பனை மட்டும் எழுதினால் கணக்கு ஏன் உதைக்கும்

ஒரு நிறுவனம் 2023 ஏப்ரல் 1 அன்று 1,000 ரூபாய் முகமதிப்புள்ள 1 லட்சம் என்சிடிகளை (பங்காக மாற்ற முடியாத கடன் பத்திரங்களை) வெளியிடுகிறது. கூப்பன், அதாவது முகமதிப்பின் மீது கொடுக்கும் வட்டி, 8 சதவீதம், ஆண்டுதோறும் மார்ச் 31ல் பட்டுவாடா, மூன்று ஆண்டில் முதிர்வு. ஆனால் விற்ற விலை 980 ரூபாய்தான். அரேஞ்சர் (முதலீட்டாளரைப் பிடித்துத் தருபவர்) கட்டணம், முதல் ரேட்டிங் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், முத்திரைத்தீர்வை எல்லாம் சேர்ந்து 5,31,000 ரூபாய் செலவு.

ஆண்டுக்கு 80 லட்சம் வட்டி கொடுக்கிறோம், அதையே செலவாக எழுதிவிட்டால் என்ன என்று தோன்றும். கைக்கு வந்ததையும் கையை விட்டுப் போவதையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். வந்தது 9,74,69,000. போவது மூன்று கூப்பன் 2,40,00,000, அசல் 10,00,00,000, ஆக 12,40,00,000. வித்தியாசம் 2,65,31,000. இந்தக் கடனின் முழு வட்டிச் செலவு இதுதான். 2.40 கோடியை மட்டும் எழுதினால், மீதி 25,31,000 கடைசி நாளில் எந்தக் கணக்கிலும் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கும். எந்த முறையைப் பிடித்தாலும் மொத்தம் மாறாது. எந்த ஆண்டில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் மாறும்.

எந்தச் செலவு உள்ளே, எந்தச் செலவு வெளியே

பிழை அதிகம் நடப்பது இங்கேதான். இந்த வெளியீடு நடக்காமல் இருந்திருந்தால் வந்தே இருக்காது என்று சொல்லக்கூடிய செலவு மட்டுமே கடன் தொகையிலிருந்து கழியும். முதலீட்டாளர் நலனைக் காக்கும் டிரஸ்டி, பொறுப்பேற்க வாங்கும் ஏற்புக் கட்டணம் உள்ளே. ஆண்டுதோறும் டிரஸ்டிக்குக் கொடுப்பது வெளியே. முதல் ரேட்டிங் உள்ளே. பிறகு வருஷா வருஷம் வரும் கண்காணிப்புக் கட்டணம் வெளியே. இந்த வேலைக்காக மூன்று மாதம் ஓடியாடிய நிதிப் பிரிவு ஊழியர்களின் சம்பளம், எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், வெளியேதான். பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால் அந்தத் தொகையையும் சேர்க்கக்கூடாது.

வீதம் கண்டுபிடிப்பது

நிதிக் கருவிகளுக்கான இந்தியக் கணக்கியல் தரம் இண்ட் ஏஎஸ் 109 கேட்பது பயனுறு வட்டி வீதம், அதாவது இஐஆர். வந்த பணத்தையும் போகப்போகும் பணத்தையும் சமமாக்கும் வீதம் அது. எக்செலில் ஒரே நெடுவரிசையில் +9,74,69,000, −80,00,000, −80,00,000, −10,80,00,000 என்று போட்டு ஐஆர்ஆர் சூத்திரம் கொடுங்கள். 8.9999 வரும், 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். வரவுக்கும் செலவுக்கும் எதிரெதிர்க் குறி போட மறந்தால் பிழைச் செய்தி வரும்.

தேதிகள் சீராக இல்லாத வெளியீட்டுக்கு, தேதிகளையும் கணக்கில் எடுக்கும் எக்ஸ்ஐஆர்ஆர் சூத்திரம்தான் சரி. அது தருவது ஆண்டு வீதம். அரையாண்டுக் கூப்பனுக்கு அதை இரண்டால் வகுத்துப் போடுவது தவறு. 9 சதவீத ஆண்டு வீதத்துக்கு ஈடான அரையாண்டு வீதம் 4.5 அல்ல, 4.403.

இந்த வீதத்தை வைத்து அட்டவணை போட்டால் இப்படி வரும்:

2023-24: தொடக்கம் 9,74,69,000; செலவு 87,72,210; கூப்பன் 80,00,000; முடிவு 9,82,41,210
2024-25: தொடக்கம் 9,82,41,210; செலவு 88,41,709; கூப்பன் 80,00,000; முடிவு 9,90,82,919
2025-26: தொடக்கம் 9,90,82,919, செலவு 89,17,081, கூப்பன் 80,00,000, முடிவு 10,00,00,000

மூன்றாம் ஆண்டுக்கு 9 சதவீதம் நேராகப் போட்டால் 89,17,463 வரும். 382 ரூபாய் கூடுதல், வீதத்தை முழு எண்ணாக்கியதால் வந்தது. கடைசி ஆண்டில் அதைக் கழித்துச் சரிக்கட்டுங்கள். இந்தப் பத்துக் கோடி வெளியீட்டில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வந்தால் மட்டும் சரிக்கட்டாமல், தேதியையோ கட்டணத்தையோ திரும்பப் பாருங்கள்.

குறிப்பேட்டுப் பதிவுகள்

வெளியிட்ட அன்று:

வங்கி க/கு பற்று 9,80,00,000
என்சிடி க/கு வரவு 9,80,00,000

என்சிடி க/கு பற்று 5,31,000
வங்கி க/கு வரவு 5,31,000

2024 மார்ச் 31 அன்று:

நிதிச் செலவு க/கு பற்று 87,72,210
செலுத்த வேண்டிய வட்டி க/கு வரவு 80,00,000
என்சிடி க/கு வரவு 7,72,210

செலுத்த வேண்டிய வட்டி க/கு பற்று 80,00,000
டிடிஎஸ் க/கு வரவு 8,00,000
வங்கி க/கு வரவு 72,00,000

டிடிஎஸ் (வட்டியிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பது 80 லட்சத்தின் மீது, 87.72 லட்சத்தின் மீது அல்ல. அந்த 7,72,210 யாருக்கும் கொடுக்கும் பணம் அல்ல, கடன் இருப்பு ஏறுவது மட்டுமே. அந்தத் தேதியில் நடப்பிலிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 193ஆம் பிரிவில் வீதம் 10 சதவீதம். பட்டியலிட்ட, டிமேட் வடிவிலுள்ள பத்திரங்களுக்கு இருந்த விலக்கு 2023 ஏப்ரல் 1 முதல் போய்விட்டது. பழைய பழக்கத்தில் பிடிக்காமல் விட்டால் சிக்கல். எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்ட் போன்றவர்களுக்குப் பிடித்தம் கிடையாது என்பதால் மேலே உள்ள 8 லட்சம் எல்லோரும் வரிக்குட்பட்டவர்கள் என்ற அனுமானத்தில் வந்தது. மார்ச் மாதப் பிடித்தத்தை ஏப்ரல் 30க்குள் கட்ட வேண்டும்.

கூப்பன் தேதி மார்ச் 31 இல்லையென்றால்

இதே என்சிடி 2023 அக்டோபர் 1ல் வெளியாகி, செப்டம்பர் 30ல் கூப்பன் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 வரை 183 நாள், லீப் ஆண்டுக் காலத்தின் 366ல் சரிபாதி. செலவு 9,74,69,000ஐ 1.09ன் வர்க்கமூலத்தில் ஒன்றைக் கழித்து வரும் 0.04403ஆல் பெருக்கினால் கிடைப்பது, சுமார் 42.92 லட்சம். நேராகப் பாதி போட்டால் 43.86 லட்சம், ஏறக்குறைய 94,000 ரூபாய் முதல் ஆண்டில் கூடுதலாக விழும். கூப்பனில் சேர்ந்தது 40 லட்சம், இது செலுத்த வேண்டிய வட்டிக் கணக்குக்கு. கைக்குப் பணம் போகவில்லை என்றாலும் அந்தக் கணக்கில் வரவு வைத்த நாளிலேயே 193ன்படி டிடிஎஸ் பொறுப்பு வந்துவிடுகிறது. இதைத் தணிக்கையில்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

முதிர்வுப் பிரீமியமும் பத்திரப் பிரீமியக் கணக்கும்

1,050 ரூபாய்க்குத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் இருந்தால், அந்த 50 ரூபாயும் ஐஆர்ஆர் கணக்கின் கடைசி வரியில் சேர வேண்டும். முதிரும் ஆண்டில் மொத்தமாக அடிக்கக்கூடாது. தள்ளுபடியையும் பிரீமியத்தையும் பத்திரப் பிரீமியக் கணக்கில் (முகமதிப்புக்கு மேல் பங்கு விற்று வந்த தொகை இருக்கும் கணக்கு) கழித்துவிட்டு லாபத்தைக் காப்பாற்றுவது பழைய உத்தி. கம்பெனிகள் சட்டம் 2013ன் 52(3) உட்பிரிவு, குறித்துரைக்கப்பட்ட கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு அந்த வழியை அடைத்துவிட்டது.

பங்கைப் பட்டியலிடாமல் என்சிடியை மட்டும் சந்தையில் பட்டியலிட்டாலும் இண்ட் ஏஎஸ் வளையத்துக்குள் வந்துவிடுவோம். அதற்கு வெளியே இருக்கும் சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் 25,31,000ஐ மூன்றால் வகுத்து ஆண்டுக்கு 8,43,667 என்று சமமாகப் பிரிக்கின்றன.

வரிக் கணக்கு வேறு

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் வழக்கில் 1997ல் உச்ச நீதிமன்றம், டிபென்ச்சர் தள்ளுபடியைக் கடன் காலம் முழுக்கப் பரப்ப வேண்டும் என்றது. கடன் வாங்க ஆகும் செலவு வருவாயினச் செலவே என்று அதற்கு முன்பே, 1966ல், இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. இவற்றை வைத்து முதல் ஆண்டில் கூப்பன் 80,00,000, வெளியீட்டுச் செலவு 5,31,000, தள்ளுபடியில் மூன்றில் ஒரு பங்கு 6,66,667 என்று கோரினால் 91,97,667 ஆகிறது. புத்தகத்தில் 87,72,210. வித்தியாசம் 4,25,457. வரி வீதம் 25.168 சதவீதம் என்றால் 1,07,079 ரூபாய்க்கு ஒத்திவைத்த வரிப் பொறுப்பு (பின்னாளில் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும் வரி) பதிய வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது கரைந்துவிடும்.

நடுவில் திருப்பி வாங்கினால்

2025 மார்ச் 31ல் கூப்பனையும் கொடுத்துவிட்டு, ஒன்றுக்கு 1,010 வீதம் எல்லாவற்றையும் திருப்பி வாங்கினால் போவது 10,10,00,000. புத்தக இருப்பு 9,90,82,919. வித்தியாசமான 19,17,081 அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் ஒரே அடியாக நட்டம். பழைய என்சிடிக்குப் பதில் அதே முதலீட்டாளரிடம் புதிதாகக் கடன் வாங்கி, நிபந்தனைகள் வெகுவாக மாறியிருந்தாலும் இதே கதிதான். மீதியைப் புதுக் கடனின் காலத்துக்குப் பரப்ப அனுமதி இல்லை. ரொக்கப் பாய்வு அறிக்கையில் வட்டியாகக் காட்ட வேண்டியது கொடுத்த கூப்பனை மட்டும். ஆண்டுதோறும் ஏறிய 7,72,210, 8,41,709 இரண்டும் கடன் இருப்பு மாற்றத்தை விளக்கும் குறிப்பில் ரொக்கமல்லாத மாற்றமாக வரும்.