அமாவாசைக்கு எந்த நிலா எமோஜி?

ஆடி அமாவாசை அன்று எங்கள் பினாங்கு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை, "மதியம் படையல், எல்லாரும் வந்துடுங்க" என்று போட்டார். அமாவாசைதானே என்று தம்பி 🌚 ஒன்றைத் தட்டிவிட்டான். "இதுல என்னடா நக்கல்?" என்று அத்தை போனே போட்டுவிட்டார்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. 2010இல், எமோஜிகளுக்குப் பெயரும் எண்ணும் தரும் யூனிகோடு தரத்தின் 6.0 பதிப்பில் வந்தபோது அதற்கு வைத்த பெயரே 'முகமுள்ள அமாவாசை நிலா'தான். ஆனால் அந்த ஓரக்கண் சிரிப்பை இளசுகள் கேலிக்கும் குறும்பான ஜாடைக்கும்தான் அனுப்புகிறார்கள். படையலுக்கு முகமில்லாத 🌑 போதும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும் செய்தியில் 🌕 அழகு. 🌙 'குட் நைட்'டுக்கும் ஹரிராயா (நோன்புப் பெருநாள்) வாழ்த்துக்கும் ஆகும்.

பிறைகளில்தான் கவனம் வேண்டும். வலப்பக்கம் ஒளி இருந்தால் வளர்பிறை: 🌒 🌓 🌔. இடப்பக்கம் என்றால் தேய்பிறை: 🌖 🌗 🌘. கல்யாணச் செய்தியில் 🌘 போட்டுப் பாருங்கள், வளர்பிறை முகூர்த்தம் தேடி அலைந்த பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள்!

இந்தப் படங்களெல்லாம் வடக்கே தூரத்தில் இருப்பவர்கள் பார்க்கும் வானம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 5 பாகைதான் தள்ளி இருக்கிறோம். பத்து பெரிங்கி கடற்கரையில் பொழுது சாய்ந்ததும் பார்த்தால் மூன்றாம் பிறை பெரும்பாலும் தோணிபோல மல்லாந்து கிடக்கும். அப்படி ஒரு எமோஜியை நான் இன்னும் பார்க்கவில்லை.