ஐடில் கேம் ஆடுவது எப்படி: மாவைக் கரைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிற மாதிரி

ராத்திரி மாவரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். காலையில் மூடியைத் திறந்தால் மாவு விளிம்பு வரை பொங்கி நிற்கிறது. நாம் தூங்கிய நேரத்தில் ஒரு வேலை நடந்து முடிந்திருக்கிறது. நாம் ஆடாத நேரத்திலும் தானாகவே ஓடி எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிற கேம்களைத்தான் ஐடில் கேம் என்கிறார்கள், அந்த மூடியைத் திறக்கிற நொடிதான் ஐடில் கேம். "இதுல என்ன இருக்கு, நம்பர் ஏறுது, அவ்வளவுதானே?" என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் புதிதாக ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டைவிரல் வலிக்கிற வரை இரண்டு நாள் தட்டித் தள்ளிவிட்டு, சலித்துப்போய் அழித்துவிடுகிறார்கள். மாவுப் பாத்திரத்தை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் சலிக்கத்தானே செய்யும்? இந்த வகை கேமில் தட்டுவது தொடக்கம் மட்டும்தான். எதை வாங்குவது என்று முடிவு செய்வதும், முடிவு செய்துவிட்டுப் போய்விடுவதும்தான் ஆட்டம்.

நான் இதற்குள் வந்தது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. ஐசியூவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் பதினோரு நாள். படிக்க முடியவில்லை, படத்தில் மனம் ஒட்டவில்லை, போனில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் தெம்பில்லை. தம்பி என் போனில் அட்வெஞ்சர் கேப்பிடலிஸ்ட் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தான், 2014இல் வந்த கேம், ஒரு எலுமிச்சை ஜூஸ் கடையில் ஆரம்பிக்கும். நர்ஸ் கூப்பிட்டால் பாதியில் அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடலாம், அதனால் எதுவும் தோற்றுப்போகாது. திரும்பி வந்து பார்த்தால் கொஞ்சம் கூடியிருக்கும். அந்த நாட்களில் கூடிக்கொண்டே போன ஒரே விஷயம் அது. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். நான் இன்னும் ஆடுகிறேன், பெரும்பாலும் குரோம்பேட்டையில் ஏறி எழும்பூரில் இறங்குகிற மின்சார ரயிலில், ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மிச்சமிருக்கிற ஒரு கட்டைவிரலால்.

சரி, எதில் ஆரம்பிப்பது? என் கருத்தில் முதலில் முடிவுள்ள ஒரு கேமை ஆடுங்கள். ஃபிராங்க் லான்ட்ஸ் 2017இல் செய்த யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும். ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு ஜெம் கிளிப், அவ்வளவுதான் தொடக்கம். கம்பி வாங்க வேண்டும், விலையை ஏற்றி இறக்கி விற்க வேண்டும், பிறகு தானாகக் கிளிப் செய்யும் இயந்திரம் வரும். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே போய்ப் பார்க்க வேண்டியது. 2013இல் வந்த எ டார்க் ரூம் இன்னொன்று: இருட்டறை, நெருப்பு மூட்ட ஒரு பட்டன், மற்றபடி வெறும் எழுத்து. ஒவ்வொன்றாகக் கதவு திறப்பதுதான் அதன் ருசி. இந்த வகை மனதைப் பிடிப்பதற்கு எண் ஏறுவது பாதிக் காரணம் என்றால், இதுவரை திரையில் இல்லாத ஒன்று திடீரென்று தோன்றுவது மீதிப் பாதி.

இரண்டாவதாக குக்கி கிளிக்கர். ஆர்ட்டெயில் என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக்காரர் ஜூலியன் தியென்னோ 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. இதற்கு முடிவு கிடையாது, ஆனால் கணக்குப் பழக இதைவிட நல்ல இடமும் கிடையாது. பிஸ்கட்டைத் தட்டினால் ஒரு பிஸ்கட். 15 பிஸ்கட் கொடுத்தால் ஒரு கர்சர், நமக்குப் பதிலாகத் தானே தட்டுகிற அம்புக்குறி, அது நொடிக்கு 0.1 பிஸ்கட் தரும். 100 கொடுத்தால் ஒரு பாட்டி, நொடிக்கு 1. 1,100 கொடுத்தால் பண்ணை, நொடிக்கு 8. தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்த அம்மா, "ஏம்பா, பாட்டியை எல்லாமா விலைக்கு வாங்குவாங்க?" என்று கேட்டார். வாங்கலாம், நிறையவே வாங்க வேண்டியிருக்கும்.

எதை முதலில் வாங்குவது என்பதற்கு வழி இது. விலையை அது தருகிற வருமானத்தால் வகுங்கள், போட்ட காசு எத்தனை நொடியில் திரும்பும் என்று தெரியும். கர்சருக்கு 150 நொடி, பாட்டிக்கு 100, பண்ணைக்கு 137.5. அப்படியானால் மலிவாகத் தெரிகிற கர்சரைவிடப் பாட்டிதான் லாபம். ஆனால் இதோடு நிறுத்தினால் கணக்கு பாதிதான், ஏனென்றால் அந்த விலையைச் சேர்க்க நீங்கள் காத்திருக்கிற நேரமும் செலவு. அதனால் இரண்டையும் கூட்டுங்கள்: விலையை இப்போதைய வருமானத்தால் வகுத்தால் வருவது காத்திருப்பு, விலையைப் புதிதாகக் கிடைக்கப்போகும் வருமானத்தால் வகுத்தால் வருவது மீட்பு. இரண்டின் கூட்டுத்தொகை எதற்குக் குறைவோ அதை வாங்குங்கள். கையால் தட்டுவது, கர்சர், மேம்பாடுகள் (உற்பத்தியைக் கூட்டுகிற அப்கிரேடுகள்) எதையும் சேர்க்காமல் வெறும் பாட்டிகளை மட்டும் வைத்துப் போட்டுப் பார்த்தேன்: ஆறு பாட்டி இருக்கும்போது அடுத்த பாட்டிக்குச் சுமார் 271 நொடி, பண்ணைக்குச் சுமார் 321, எனவே பாட்டி. ஏழு பாட்டி ஆனதும் அடுத்த பாட்டிக்கு 305, பண்ணைக்கு 295, எனவே பண்ணை. ரயிலில் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட வேண்டியதில்லை, தோராயமே போதும், இரண்டு நாளில் கண்ணே சொல்லிவிடும்.

விலை ஏன் இப்படி மாறுகிறது என்றால், ஒவ்வொன்று வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 சதவீதம் ஏறுகிறது. ஐந்து வாங்கினால் விலை இரட்டிப்பு. சதுரங்கக் கட்டத்தில் அரிசி வைத்த கதையை நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம், ராஜா களஞ்சியத்தைக் காலி செய்தும் கொடுக்க முடியாமல் நின்ற கதை, இங்கே அந்த ராஜா நாம்தான். நூறு பாட்டி வாங்கிவிட்டால், மேம்பாடு எதுவும் இல்லாதபோது, நொடிக்கு 100 பிஸ்கட்தான் வரும், ஆனால் அடுத்த பாட்டியின் விலை சுமார் 11 கோடியே 74 லட்சம். அந்த வருமானத்தில் அதைச் சேர்க்கப் பதிமூன்றரை நாள் ஆகும். விலை பெருக்கலில் ஏறுகிறது, வருமானம் கூட்டலில் ஏறுகிறது. கூட்டலால் பெருக்கலை ஒருநாளும் துரத்திப் பிடிக்க முடியாது, அதனால் பெரும்பாலான ஐடில் கேம்களில் ஒரு இடத்தில் சுவர் வரும். வரும்போது பதற வேண்டாம், அது உங்கள் தப்பில்லை, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சுவருக்குத்தான் 'பிரெஸ்டீஜ்' என்கிற ஏற்பாடு. சேர்த்தது எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தால் நிரந்தரமான ஒரு பலம் கிடைக்கும். குக்கி கிளிக்கரில் ஒரு லட்சம் கோடி பிஸ்கட்டுக்கு ஒரு படி, ஒவ்வொரு படிக்கும் உற்பத்தியில் 1 சதவீதம் கூடுதல். முதல் படி வந்த சந்தோஷத்தில் உடனே எல்லாவற்றையும் விடுவதுதான் புதியவர்கள் செய்கிற தப்பு, ஒரு சதவீதத்துக்காக அதுவரை சேர்த்ததெல்லாம் போய்விடும். படிகள் கன எண்களாகப் போகின்றன, இரண்டு படிக்கு 8 லட்சம் கோடி, பத்துப் படிக்கு 1,000 லட்சம் கோடி. பல நூறு படி சேர்கிற வரை பொறுத்துவிட்டு விடுங்கள். மற்ற கேம்களில், மறுபடி ஆரம்பித்தால் வேகம் குறைந்தது இரண்டு மடங்காவது ஆகுமா என்று பாருங்கள், ஆகும் என்றால் சரி.

அப்புறம், எப்போது போய்ப் பார்ப்பது. ஒரு நாளைக்கு மூன்று வேளை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காலை ரயில், மாலை ரயில், படுக்கப்போகும் முன். கிளம்பும்போது கையிருப்பை முழுக்கச் செலவழித்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் சும்மா கிடக்கிற பிஸ்கட் குட்டி போடாது, வாங்கின பாட்டிதான் போடும். ஒரே விதிவிலக்கு குக்கி கிளிக்கரில் அவ்வப்போது திரையில் தோன்றி மறைகிற தங்க பிஸ்கட், தட்டினால் அது தருகிற 'லக்கி' பரிசு உங்கள் கையிருப்பில் 15 சதவீதம் அல்லது 15 நிமிட வருமானம், இரண்டில் எது குறைவோ அது. ஆகவே 100 நிமிட வருமானத்தைக் கையில் வைத்திருந்தால் பரிசு முழுசாகக் கிடைக்கும். இன்னொன்றும் கவனியுங்கள்: குக்கி கிளிக்கரின் பிரவுசர் வடிவில், முதல் பிரெஸ்டீஜுக்கு அப்புறம் அதற்கான மேம்பாட்டை வாங்குகிற வரை, பக்கத்தை மூடினால் உற்பத்தி நின்றுவிடும். எனவே அது கம்ப்யூட்டரில் ஒரு ஓரமாகத் திறந்து கிடக்க வேண்டியது, ரயிலுக்கு ஆகாது. போனுக்கு அட்வெஞ்சர் கேப்பிடலிஸ்ட் மாதிரி மூடினாலும் ஓடுகிறவை சரி, அதில் ஒவ்வொரு கடைக்கும் மேனேஜரை வைத்துவிட்டால் போதும். ராத்திரி முழுக்க திரை எரிந்தால்தான் ஓடும் என்கிற கேமைப் போனில் வைக்காதீர்கள், மே மாதச் சென்னையில் போன் சார்ஜரோடு சேர்ந்து கொதிக்கும்.

அந்தத் தங்க பிஸ்கட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேம்பாடு இல்லாத நிலையில் அது 5இலிருந்து 15 நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தோன்றும், 13 நொடியில் மறைந்துவிடும். எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்குக் காத்திருப்பது மனிதனை நாற்காலியில் கட்டிப்போட்டுவிடும், லாட்டரியும் சூதாட்ட இயந்திரமும் பிடித்து வைப்பது அதே கயிற்றால்தான். கண்ணில் பட்டால் தட்டுங்கள், அதற்காக உட்காராதீர்கள்.

காசு போடாதீர்கள். நாலு மணி நேர உற்பத்தியை 80 ரூபாய்க்குத் தருகிறேன் என்று ஒரு கேம் கேட்டால், தூங்கி எழுந்தால் இலவசமாகக் கிடைப்பதைத்தான் அது விற்கிறது. முப்பது நொடி விளம்பரம் பார்த்தால் இரட்டிப்பு என்பதை நான் ஒரு நாளைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். வீட்டுப் பிள்ளைகள் உங்கள் போனில் ஆடினால் பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

பிரவுசரில் ஆடினால் சேமிப்பைப் பிரதி எடுத்து வைப்பது மிக முக்கியம். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதே என்று ஒருநாள் பிரவுசரைச் சுத்தம் செய்தேன், ஏழு மாத ஆட்டம் அதோடு போனது. அன்று மாலை ரயிலில் கையில் போன் இருந்தும் எதையும் திறக்கத் தோன்றவில்லை. குக்கி கிளிக்கரில் 'ஆப்ஷன்ஸ்' போய் 'எக்ஸ்போர்ட் சேவ்' அழுத்தினால் நீளமாக ஒரு எழுத்துக்கோவை வரும், அதை நகலெடுத்து உங்களுக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை செய்தால் மறக்காது.

இந்த வகையை மட்டமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2010இல் இயன் போகோஸ்ட் என்கிற பேராசிரியர் ஃபேஸ்புக் கேம்களைக் கேலி செய்யவே கவ் கிளிக்கர் என்று ஒன்றைச் செய்தார். ஒரு மாடு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். கேலி என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள், 2011 செப்டம்பரில் அவர் மாடுகளை எல்லாம் மறைய வைத்த பிறகும் மாடு நின்ற வெற்று இடத்தைச் சிலர் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் போய்ப் பார்க்க ஒரு இடம் இருப்பது பலருக்குத் தேவையாக இருக்கிறது.

எப்போது நிறுத்துவது? திறந்ததும் எதை வாங்குவது என்று யோசிக்காமலே கை போகிறது, பத்து நாளாகப் புதிதாக எதுவும் திறக்கவில்லை, இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால் அந்தக் கேம் முடிந்துவிட்டது, அழித்துவிடுங்கள். அடுத்ததாகக் கிட்டன்ஸ் கேம் போட்டுப் பாருங்கள், பூனைக்குட்டிகளின் கிராமம், மெதுவாகத்தான் திறக்கும், ஆனால் ஆழம் அதிகம். அதில் பருவங்கள் உண்டு, பனிக்காலத்தில் கேட்னிப் என்கிற செடியின் விளைச்சல் வெகுவாகக் குறைந்துவிடும். குட்டிகளுக்கு அதுதான் சாப்பாடு. குடிசை கூடினால் குட்டிகளும் கூடும், அதனால் குடிசைகளை வேகமாகக் கட்டிக்கொண்டே போகாமல் இலையுதிர் காலத்திலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பட்டினியில் ஒவ்வொன்றாகச் சாகும்.