ரேங்க் கார்டில் என் கையெழுத்து

காலாண்டுத் தேர்வு முடிந்து இத்தனை நாளாகியும் ரேங்க் கார்டு வரவில்லையே என்று மகளின் பையைத் துழாவினேன். அட்லஸுக்குள் இருந்தது. கணக்கில் 31. கீழே என் கையெழுத்து, நான் போடாதது. என் பெயரின் கடைசி எழுத்துக்கு நான் புள்ளி வைப்பதே இல்லை. அவள் ஒழுங்காக வைத்திருந்தாள்.

கோபம் தலைக்கேறியது. நல்லவேளை, எட்டாம் வகுப்புக்காரி டியூஷனில் இருந்தாள். அவள் வருவதற்குள் ஏதோ தோன்றி, குடும்ப வாட்ஸப் குழுவைத் திறந்து பார்த்தேன். அண்ணன் மகன் 98, நாத்தனார் மகள் 95. நடுவில், "உன் பொண்ணு எவ்ளோ?" என்ற கேள்விக்கு, "இந்தத் தடவை 90 தாண்டிடுவா" என்று நான் போட்ட பதில். 10, 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டில்தான் நிறுத்தவில்லை.

அன்று இரவு அந்தப் பதிலைத்தான் முதலில் அவளிடம் காட்டி, "இது என் தப்பு" என்றேன். அப்புறம்தான் கையெழுத்துப் பேச்சு. வெகுநேரம் அழுதாள். டீச்சரிடம் அவளே போய்ச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. வகுப்பு வாசல் வரை கூடப் போனேன், உள்ளே போகவில்லை.

விடைத்தாளைப் பார்த்தால், பாதித் தப்பு மைனஸ் குறியில். அடைப்புக்குறியை நீக்கும்போது குறியை மாற்ற மறந்திருக்கிறாள். தினமும் ராத்திரி ஐந்து கணக்கு, அவ்வளவுதான். குழுவில் மார்க் பேச்சு வந்தால் இப்போது நான் வாயே திறப்பதில்லை, நாத்தனாருக்கு வருத்தம்தான்.

அரையாண்டில் 54. கார்டை அவளே நீட்டினாள். புள்ளி வைக்காமல் கையெழுத்துப் போட்டேன்.