ஓடாமல் நிற்கும் மோட்டார்ஹோமில் பின் பிரேக்கைக் காப்பாற்றுவது எப்படி?

பிரிட்டனில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருக்கும் பலர் அக்டோபரில் வண்டியை ஓரங்கட்டினால் ஈஸ்டர் சமயத்தில்தான் திரும்ப எடுக்கிறார்கள். பாட்டரி இறங்கினால் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், டயரில் காற்று குறைந்தால் அடித்துக்கொள்ளலாம். பின் பிரேக் அப்படியில்லை, சத்தமே இல்லாமல் கெடும். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தடிமனாக இருக்கிறதே, பிரேக் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இந்த வண்டிகளில் பின் பேட் தேயாமலே இருந்தால் அது வேலையே செய்யவில்லை என்றும் அர்த்தமாகலாம்.

மோட்டார்ஹோம் பலவற்றுக்கு அடிப்படையான ஃபியட் டுகாட்டோ வேன் மாதிரி வண்டிகளில் பிரேக் மிதித்ததும் எடை முன்பக்கம் சாய்கிறது, பெரும்பாலான வேலையை முன் பிரேக்கே செய்துவிடுகிறது. பின் டிஸ்கில் பேட் லேசாகத்தான் உரசும், துருவைச் சுரண்டி எடுக்க அது போதாது. அதோடு ஈரக் காற்றும், குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பும் சேர்ந்தால் டிஸ்க் முகம் குழி குழியாகிவிடும், பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்கள் இறுகிவிடும். பழைய டிரம் பிரேக் வண்டியில் டிரம்மின் உள்பக்கத்தை அழுத்தும் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசியும்.

நிறுத்தி வைக்கும் விதத்திலேயே பாதிப் பிரச்சினையைத் தவிர்க்கலாம். சமதளத்தில் நிறுத்துங்கள், முதல் கியரில் விடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில் போடுங்கள், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நல்ல கட்டை கொடுங்கள், அப்புறம் ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தே வைத்திருந்தால் கேபிளும் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிப்போகும். வண்டியைக் கழுவிய கையோடு ஷெட்டில் விடவும் கூடாது, சில மைல் ஓட்டி, பிரேக் பிடித்து, சூட்டில் ஈரம் காய்ந்த பிறகு விடுங்கள்.

மாதம் ஒருமுறையாவது 15, 20 மைல் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவதால் பிரேக்குக்கு ஒரு பயனும் இல்லை. பின்னால் யாரும் வராத நேரான சாலையில் 40 மைல் வேகத்திலிருந்து சில தடவை நன்றாக அழுத்திப் பிரேக் பிடியுங்கள், இடையில் கொஞ்சம் ஓட்டி ஆறவிடுங்கள்.

வசந்தத்தில் வண்டியை எடுக்கும்போது பின் சக்கரம் சுற்றவில்லை என்றால் ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், ஷூவிலிருந்து லைனிங் (உரசும் பட்டை) பெயர்ந்துவிடும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அதற்கும் விடவில்லை என்றால் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டலாம். வெறும் ஜாக்கியை நம்பி 3,500 கிலோ வண்டியில் கை வைக்கவே வேண்டாம்.

ஓட்டிவிட்டு வந்ததும் இரண்டு பின் சக்கரங்களிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. டிஸ்கின் உள்முகத்தையும் டார்ச், கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வெளிமுகம் பளபளவென்று இருக்கும், உள்ளே முழுக்கத் துருவாக இருக்கும், பலர் ஏமாறுவது இங்கேதான். பிடித்துக்கொண்ட சக்கரத்தில், பிரேக் ஆயிலிலிருந்து காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். சக்கரம் உடனே விட்டுக்கொடுத்தால், உள்ளே வீங்கிய ரப்பர் ஹோஸ் மாதிரி ஏதோ ஒன்று ஆயிலைத் திரும்பவிடாமல் தடுக்கிறது. விடவில்லை என்றால் ஸ்லைடு பின், பிஸ்டன், கேபிள் ஆகியவற்றில் கோளாறைத் தேடுங்கள்.

ஸ்லைடு பின்னுக்கு பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். ஹேண்ட்பிரேக் சேர்ந்தே வரும் பின் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும், கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் பொறி உடைந்துவிடும். பேட், டிஸ்க், ஷூ எதை மாற்றினாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதுதான் சரி, பிரேக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பிரேக் ஆயில் நின்றபடியே ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய ஆயிலுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிதான். ஆல்ப்ஸ் மலை இறக்கத்தில் இந்த வித்தியாசம் உயிரோடு விளையாடும். எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பிரிட்டனின் கட்டாய வருடாந்திர வண்டிச் சோதனையான எம்ஓடிக்குப் போகும் முன்பும் இதே மாதிரி ஓட்டிப் பிரேக் பிடித்துத் துருவைத் துடைத்துக்கொண்டு போங்கள். அங்கே ஒவ்வொரு சக்கரத்துக்கும் வந்த பிரேக் விசை அளவைக் கேட்டு எழுதி வைத்தால், அடுத்த வருடம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரியும். பழைய மோட்டார்ஹோம் வாங்குபவர்கள் பதிவு எண்ணைப் போட்டு அரசுத் தளத்தில் எம்ஓடி வரலாற்றை இலவசமாகவே பார்க்கலாம். மைல் மிகக் குறைவாக இருந்து, பின் பிரேக் பற்றிய குறிப்பு வருடா வருடம் திரும்பத் திரும்ப வந்திருந்தால், பின் பிரேக்கை முழுக்கப் புதுப்பிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.