முத்திரையில் அப்பிச்சி பெயர், படம் பிடித்தது அம்மிச்சி: பழைய போட்டோக்களைச் சேர்த்துப் பட்டியல் போடும் முறை

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு அட்டாலியில், அதாவது பரணில் இருந்து மூன்று தகரப் பெட்டிகளை இறக்கினோம். உள்ளே நூற்றுக்கணக்கில் கறுப்பு வெள்ளைப் படங்கள். திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றின் முதுகிலும் ஊதா மையில் ஒரே முத்திரை, அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) ஸ்டுடியோ பெயர். ஊரில் யாரைக் கேட்டாலும் அது அப்பிச்சி ஸ்டுடியோதான். ஆனால் பெண்கள் தனியாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தது அம்மிச்சி. அதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையல்ல இது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா (1913–2012) எடுத்த ஆரம்ப காலப் படங்கள் அவர் கணவர் மானெக்‌ஷா பெயரில்தான் பத்திரிகையில் வந்தன. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1843-இல், கடற்பாசிகளின் நீலநிறப் படங்களைப் புத்தகமாகப் போடத் தொடங்கினார் இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ். முன்னுரையின் கீழே ‘ஏ.ஏ.’ என்று மட்டும் போட்டார். பிற்பாடு அதைப் பார்த்தவர் ‘அனானிமஸ் அமெச்சூர்’, அதாவது பெயர் சொல்லாத யாரோ ஒரு ஆர்வலர் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார். 1815-இல் கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் கேமராவைக் கையில் எடுத்து, 1879-இல் இலங்கையில் இறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் இதற்கு நேர் எதிர். அட்டையின் கீழே தன் கையாலேயே பெயர் எழுதினார். 500-க்கும் மேற்பட்ட படங்களைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்தார். அவர் படங்களுக்கு இன்று எண் போட்ட முழுப் பட்டியலே இருக்கிறது.

நம்மூர் ஸ்டுடியோக்களில் வேலை பார்த்த பெண்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வேண்டுமென்றால் அதை நாம்தான் போட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று, செய்து பழகியதிலிருந்து சொல்கிறேன்.

ஒரு வார்த்தையை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: ‘விண்டேஜ் பிரிண்ட்’. படம் எடுத்த காலத்தை ஒட்டியே, எடுத்தவர் கையாலோ மேற்பார்வையிலோ போடப்பட்ட பிரதி. அதே நெகட்டிவிலிருந்து முப்பது வருஷம் கழித்துப் பேரன் போட்டது பிற்காலப் பிரதி. இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் பட்டியலில் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதல் படி: கை வைக்கும் முன்

தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தொடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, படத்தின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். தூசு இருந்தால் மென்மையான ஓவியத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. படத்தின் மேல் படலம் ஜெலட்டின். தண்ணீர் பட்டால் ஊறி, இளகி, துணியோடு வந்துவிடும். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம், கண்ணாடியோடே நகல் எடுங்கள். ஆல்பத்தின் கறுப்புத் தாளில் ஒட்டியிருப்பதையும் அப்படியே விடுங்கள்.

இரண்டாம் படி: வந்த வரிசையைக் கலைக்காதீர்கள்

இதில் நான் பெரிய தப்புச் செய்தேன். முதல் பெட்டியில் படங்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக, பருத்தி நூலால் கட்டப்பட்டு இருந்தன. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் அவிழ்த்து, அளவு வாரியாக அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கட்டும் ஒரு குடும்பத்தின் ஆர்டர் என்பது அடுத்த வாரம் பில் புத்தகம் கிடைத்த பிறகுதான் புரிந்தது. எந்தப் பெண் எந்தக் கல்யாணத்துக்கு வந்தவர் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நானே அழித்திருந்தேன். இன்னும் 60 படங்கள் ஊர் பேர் தெரியாமல் கிடக்கின்றன.

அதனால் பெட்டியைத் திறந்ததும் செல்போனில் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு கட்டையும் எடுக்கும்போது இன்னொன்று. கட்டு கட்டாகவே வேலை பாருங்கள்.

மூன்றாம் படி: எண் போடுவது

பெட்டி, கட்டு, படம் என்று மூன்று பகுதி போதும். 2-04-17 என்றால் இரண்டாம் பெட்டி, நான்காம் கட்டு, பதினேழாம் படம். 2பி பென்சிலால், படத்தைக் கெட்டியான கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, முதுகின் கீழ் ஓரத்தில் மெல்ல எழுதுங்கள். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பால்பாயிண்ட் பேனாவும் ஸ்டிக்கரும் வேண்டாம். 1970-களில் பரவிய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் சரியாகப் பிடிக்காது. அதற்கு உறையின் மேல் எழுதிவிட்டு, எழுதிய பிறகு படத்தை உள்ளே போடுங்கள்.

நான்காம் படி: முதுகைப் படிப்பது

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. படத்தின் முகத்தைவிட முதுகு அதிகம் பேசும்.

முத்திரையில் பின்கோடு இருக்கிறதா? பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். இருந்தால் அந்தப் பிரதி அதற்குப் பிந்தியது. ‘தமிழ்நாடு’ என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1969-க்குப் பின், ‘மதராஸ் ஸ்டேட்’ என்றால் முன். கோபி 1979 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. அந்த வருஷம் பெரியார் மாவட்டம் பிரிந்தது, பிறகு அதுவே ஈரோடு மாவட்டம் ஆனது. தாராபுரம், காங்கேயம் முத்திரையில் ‘திருப்பூர் மாவட்டம்’ என்று இருந்தால் அது 2009-க்குப் பிறகு பழைய நெகட்டிவிலிருந்து போட்ட பிரதி, சந்தேகமே இல்லை. முத்திரையில் ‘லை’, ‘னை’ எழுத்துகள் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திச் செய்த முத்திரையாக இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எந்தக் கடைக்காரரும் ரப்பர் ஸ்டாம்பைத் தேயும் வரை அடிப்பார். ஆகவே ‘இதற்கு முன்’ என்று காட்டுவது லேசான சாட்சி. ‘இதற்குப் பின்’ என்று காட்டுவதுதான் கெட்டியான சாட்சி.

பென்சிலில் குறித்த விலையையும் பாருங்கள். அணாவில் இருந்தால் பழசு, ஆனால் பைசா வந்த பிறகும் நம்மவர்கள் அணாக் கணக்கை விடவில்லை. ‘ந.பை.’ என்று இருந்தால் துள்ளிக் குதியுங்கள். நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது, ‘நயா’ என்ற சொல் 1964-இல் போய்விட்டது. ஏழு வருஷத்துக்குள் அந்தப் படம் அடங்கிவிடும்.

ஐந்தாம் படி: தாளைத் தெரிந்துகொள்வது

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பாட்டன் பூட்டன் காலத்துப் படம், மிக மெல்லிய தாளில், கெட்டி அட்டை மேல் ஒட்டி, மஞ்சளும் பழுப்புமாக இருந்தால் அது முட்டை வெள்ளைக்கருவில் செய்த ஆல்புமன் பிரிண்டாக இருக்கலாம். லென்ஸில் தாளின் நார் தெரியும், மேலே பொடிப்பொடி வெடிப்பும் தெரியும். கேமரன் அம்மையார் படங்களில் பெரும்பான்மை இந்த வகைதான். 1850-இல் வந்த முறை, அந்த நூற்றாண்டு முடியும்போது வழக்கொழிந்தது.

நம்மூர் ஸ்டுடியோப் படங்கள் அநேகமாக எல்லாமே ஜெலட்டின் சில்வர் தாள். நார் தெரியாது. படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் கறுத்த ஓரங்களில் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரியும். படத்தில் உள்ள வெள்ளி மேலே வந்து பூத்தது அது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு கடைகளில் கிடைக்கும். இருட்டில் படத்தின் மேல் காட்டுங்கள். தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. 1950-களில்தான் அது போட்டோத் தாளில் சேர ஆரம்பித்தது. ஒளிரவில்லை என்பதால் மட்டும் பழசு என்று முடிவு கட்டக் கூடாது.

ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயருள்ள தாள் உறைகள் பெட்டியில் கிடந்தால் எறியாதீர்கள், அவற்றுக்கும் எண் போடுங்கள்.

ஆறாம் படி: எடுத்தது யார்?

பட்டியலின் உயிரே இந்த ஒரு கட்டம்தான். முத்திரையில் இருக்கும் பெயரை ‘ஸ்டுடியோ’ என்ற கட்டத்தில் எழுதுங்கள். ‘எடுத்தவர்’ என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டதால்தான் இத்தனை பெண்களின் பெயர் காணாமல் போனது.

2-04-17-ஐயே எடுத்துக்கொள்கிறேன். ஹாஃப் பிளேட் அளவு, நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை. புதுப்பெண் ஒருத்தி மரநாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் வரைந்த திரை, அரண்மனைப் படிக்கட்டும் ஒரு பூந்தொட்டியும். திரையின் வலது கீழ் மூலையில் கிழிந்து தைத்த தையல் லென்ஸில் தெரிகிறது. முதுகில் ‘75 ந.பை.’. இடது ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை, பாதி மட்டும். படத்தை நிலைப்படுத்தும் ‘ஹைப்போ’ ரசாயனம் பட்ட விரலோடு பிரிண்டைத் தொட்டால் நாள்பட இப்படிக் கறை வரும். யாருடைய விரல் என்று சொல்ல முடியாது, சிறிய விரல்.

பில் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு நேராக இருப்பது அம்மிச்சியின் கையெழுத்து. அந்தக் குடும்பத்தைத் தேடிக்கொண்டு படத்தோடு போனேன். படத்தில் இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. படத்தைக் கையில் வாங்கியதும் சொன்னார்:

“இது உங்க அப்பிச்சி புடிச்சதில்ல சாமி. அவர வெளிய திண்ணைல உக்காரச் சொல்லிப்போட்டுத்தான் எங்கம்மா என்னைய உள்ள உட்டாங்க. அம்மிச்சிதான் கறுப்புத் துணிக்குள்ள தலைய உட்டுக்கிட்டு, ‘கண்ணு, மூச்சப் புடிச்சுக்கோ’ன்னாங்க.”

இப்படிக் கிடைப்பதை அப்படியே பேச்சு வழக்கிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். சம்மதித்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். நான் மூன்று தரமாகப் பிரிக்கிறேன். நேரில் இருந்தவர் சொன்னதும் எழுத்துச் சான்றும் ஒத்துப்போனால் ‘உறுதி’. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ‘சாட்சி உண்டு’. திரை, வெளிச்சம், உட்கார வைத்த விதம் இவற்றை வைத்து நானே நினைத்தால் ‘ஊகம்’. பாசத்தில் ஊகத்தை உறுதியாக்கிவிடாதீர்கள். அப்பிச்சி எடுத்த படத்தை அம்மிச்சி கணக்கில் எழுதினால், பழைய தப்பையே திருப்பிச் செய்ததாகும்.

ஏழாம் படி: பட்டியல்

எக்ஸெல் போதும், நோட்டுப் புத்தகம்கூடப் போதும். எண், அளவு, தாள் வகை, ஸ்டுடியோ, எடுத்தவர், உறுதித் தரம், காலம், எதை வைத்துக் காலம் சொன்னோம், படத்தில் இருப்பது, முதுகில் இருப்பது எழுத்து மாறாமல், பழுது, விண்டேஜா பிற்காலப் பிரதியா, யாரிடமிருந்து வந்தது. காலத்தை ‘1957–64’ என்று வரம்பாக எழுதுங்கள். ‘சுமார் 1960’ என்று எழுதினால் அடுத்து படிப்பவர் ‘சுமாரை’ விட்டுவிடுவார்.

ஸ்கேனரில் நகல் எடுக்கும்போது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு, முன்னும் பின்னும் இரண்டுமே. கோப்பின் பெயர் படத்தின் எண்ணாகவே இருக்கட்டும்.

எட்டாம் படி: வைக்கும் இடம்

ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கிருந்தோ புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறும். பெட்டியை அட்டாலியிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வைக்காதீர்கள், ஓட்டுக்குக் கீழே சூடும் அதிகம். வீட்டின் நடு அறையில் உள்ள இரும்பு பீரோ நல்லது. கடைகளில் கிடைக்கும் பிவிசி கவர் வேண்டாம், நாளாக நாளாக ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை அல்லது அமிலமில்லாத தாள் உறை வாங்குங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள். ராமபாணப் பூச்சிக்குப் பசையும் ஜெலட்டினும் விருந்து. அதற்காக வேப்பிலையைப் படங்களுக்கு நடுவே போட்டால் இலையின் ஈரமும் கறையும் ஏறும். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதே பெரிய மருந்து. நெகட்டிவ் பெட்டியில் புளித்த காடி வாசம் வந்தால் அந்தச் சுருள்களை உடனே தனியாக வையுங்கள். அந்தக் கேடு பக்கத்தில் உள்ளதற்கும் பரவும்.

ஒன்பதாம் படி: வெளியே தேடுவது

சொந்தப் பெட்டி முடிந்த பிறகு ஊருக்குள் போங்கள். பழைய பேப்பர்க் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் ஆல்பம் வரும்போது கூப்பிடுவார். வீடுகளில் அசல் பிரிண்டைக் கேட்காதீர்கள், அங்கேயே உட்கார்ந்து நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். பட்டியலில் ‘அசல் குடும்பத்திடம்’ என்று எழுதினால் போதும். பெண்கள் தங்களுக்காக எடுத்துக்கொண்ட படங்கள் இவை. அவர்களோ பிள்ளைகளோ சரி என்று சொல்லாமல் எதையும் வெளியே காட்ட வேண்டாம்.

2-04-17-இன் பெரிய நகல் ஒன்றை நல்ல தாளில் போட்டு, சட்டம் கட்டி, அந்த அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதுகில் ஸ்டுடியோ பெயரை எழுதி, அதற்குக் கீழே, ‘எடுத்தவர்’ என்று போட்டு அம்மிச்சியின் பெயரையும் எழுதியிருந்தேன். அவர் சட்டத்தைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு உள்ளே போய், தன் தங்கச்சி படம் ஒன்றும் இருக்கிறது என்று தேடி எடுத்து வந்தார். 4-01-01 அதுதான்.